கூளையம்பட்டிக் கண்மாயில் வெள்ளை வீசியவர்

கைக்குட்டையை இரண்டாவது தரம் வீசியபோதுதான் அக்கரையில் யாரோ கூவினார்கள். ஒற்றைக் குரல். அது அடங்குவதற்குள் கண்மாயைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் சேர்ந்து கூவினார்கள். மீனைக் கவிழ்த்துப் பிடிக்கிற ஊத்தாக் கூடைகளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டியவர்களும், சேலையைச் சொருகியவர்களும், டவுசர் போட்டவர்களுமாக நாலு பக்கமிருந்தும் இறங்கினார்கள். முழங்காலளவுத் தண்ணீர் ஒரு நிமிடத்தில் சேறானது. நடுவில் நின்ற கூழைக்கடாக்கள் கனமாக எழுந்து, ஒரு வட்டம் அடித்து, அழகர்மலைப் பக்கம் போய்விட்டன.

பெனடிக்ட் கையை இறக்கவில்லை. இறக்கினால் அதைச் செய்தது தான் என்று ஆகிவிடும் என்பதுபோலத் தூக்கியபடியே நின்றார்.

அவர் கூப்பிட்டது ஒரே ஒரு ஆளை. சென்னையிலிருந்து வந்திருந்த ஆறு பேரில் ஒருவன், கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமலே கரையை விட்டு உள்ளே இறங்கி, மூன்றாம் மடைக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தான். அங்கே செங்கல் சூளைக்காரர்கள் மண் அள்ளிய குழி இருந்தது. இரண்டு ஆள் ஆழம். பச்சைப் பாசி மூடித் தரை மாதிரித் தெரியும். பெனடிக்ட் கூட்டிப்போகும் பறவை நடைகளில் யாரும் யாரையும் சத்தம் போட்டுக் கூப்பிடக் கூடாது. பறவைகள் கலைந்துவிடும். ஒரு வீச்சு என்றால் நில். இரண்டு வீச்சு என்றால் திரும்பி வா. இதை வேனில் ஏறியதுமே சொல்லிவிடுவார். வெள்ளைச் சட்டை போட்டு வருகிறவர்களை மாற்றிக்கொண்டு வரச் சொல்கிற அவர், கைக்குட்டையை மட்டும் வெள்ளையாக வைத்திருந்தார். தூரத்தில் மனிதர்களுக்குத் தெரிவது அதுதான்.

அந்தப் பையன் நின்றான். திரும்பி வந்தான். சைகை ஒழுங்காக வேலை செய்தது.

இந்தப் பக்கத்துக் கண்மாய்களில் அறுவடை முடிந்து தண்ணீர் வற்றுகிற சமயம், ஊர் சேர்ந்து மீன் பிடிக்கும். சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் எல்லோரும் வரலாம். ஆனால் யாரும் முந்தி இறங்கக் கூடாது. அய்யனாருக்குப் பூசை முடித்து, ஊர்ப் பெரியவர் ஒருவர் உபரித் தண்ணீர் வழியும் கலுங்கின் மேல் ஏறி வெள்ளைத் துண்டை வீசுவார். அதன் பிறகுதான் தண்ணீரில் கால் வைக்கலாம். வெள்ளை வீசுவது என்று அதற்குப் பெயர். இது பெனடிக்ட்டுக்குத் தெரியும். மாட்டுத்தாவணியிலிருந்து வருகிற வழியெல்லாம் அந்த ஆறு பேருக்கும் இதைத்தான் அவர் விளக்கிக்கொண்டு வந்திருந்தார். தெரியாமல் செய்திருந்தால் ஒரு சமாதானம் இருந்திருக்கும். அவருக்குத் தெரிந்தது அவருடைய கைக்குத் தெரியவில்லை.

“சார், பூசை முடிஞ்சப்புறம்தான் இறங்குவாங்கன்னு சொன்னீங்க?” என்றாள் டயானா. குழுவை அழைத்து வந்தவள் அவள்தான். சென்னைக் கம்பெனி ஒன்றில் ஊழியர்களை வெளியே கூட்டிப்போகிற பொறுப்பு அவளுடையது. இன்றைக்கு ஆறு பேர், நாளைக்கு ஆறு பேர். இரண்டு நாளும் நன்றாக அமைந்தால் மாதம் ஒரு குழு அனுப்புவதாகச் சொல்லியிருந்தாள்.

“முடிஞ்சிருச்சு போல மேடம்.”

“செம சார். வாட் எ சீன்!”

மற்ற ஐவரும் போனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்கள்.

கரையின் மேல் காளை ஓடி வந்தார். மடை திறப்பதும் அடைப்பதும் வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சுவதும் அவர் வேலை. அவருடைய அப்பாவும் அதே வேலைதான். மடைச் சாவி இடுப்புக் கயிற்றில் ஆடியது. 

“என்ன சார் பண்ணிட்டீக.”

“காளை, அந்தப் பையன் குழிக்கிட்டப் போயிட்டான்...”

“நான் வேணாம்னு சொன்னேன்ல? இன்னைக்கு மட்டும் வேணாம்னேன்ல?”

“சொன்னீங்க.”

“அங்க கோயில்ல மணி அடிக்கல. தட்டு இன்னும் சாமிக்கிட்ட இருக்கு.” காளை தண்ணீரைப் பார்த்தார். உள்ளே ஆயிரம் பேருக்குக் குறையாமல் இருப்பார்கள். ஒருவன் விரால் மீனைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினான். “இனி யாரு சொன்னாலும் ஏற மாட்டாய்ங்க.”

பெனடிக்ட்டுக்கு வயது நாற்பத்தெட்டு. பசுமலையில் பிறந்து, அங்கேயே படித்து, விலங்கியலில் இரண்டு பாடம் நிலுவையோடு கல்லூரியை விட்டு வந்தவர். பள்ளிக்கூடம் ஒன்றில் இருபது வருடம் ஆய்வகப் பணியாளர். தவளை பிடித்து வருவது, ஃபார்மலின் மாற்றுவது, கண்ணாடிக் குடுவைகளில் சீட்டு ஒட்டுவது. பிள்ளைகள் அவரை லேப் அண்ணே என்பார்கள். ஆசிரியர்கள் பெனடிக்ட் என்பார்கள். தலைமை ஆசிரியர் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தவளை அறுப்பதை நிறுத்தினார்கள். கொரோனா வந்தது. பள்ளி திறந்தபோது ஆய்வகத்துக்குத் தனியாக ஆள் தேவையில்லை என்று முடிவாகியிருந்தது. அவருக்குச் சொல்லிவிட மட்டும் மறந்திருந்தார்கள். முதல் நாள் போய், பழைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பதினோரு மணிக்குத்தான் ஒருவர் வந்து சொன்னார்.

பறவை பார்ப்பது அதற்கு முன்பே இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகப் போவார். நாலு பேர் சேர்ந்து வந்தார்கள். பிறகு அவர்கள் சொல்லி வேறு நாலு பேர். ஓர் அட்டை அச்சடித்தார்: பெனடிக்ட், இயற்கை ஆய்வாளர். ஒருமுறை ஓர் அம்மா, “நீங்க எம்.எஸ்சி.யா?” என்று கேட்டபோது அவர் தலையை எந்தப் பக்கமும் ஆட்டவில்லை. அந்த அம்மா தானாக முடிவு செய்துகொண்டாள். அதிலிருந்து அப்படியே நின்றுவிட்டது.

பசுமலைக்குப் பக்கத்துக் கண்மாய்களில் காட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. ஒன்றில் ஆகாயத்தாமரை. ஒன்றில் வீட்டு மனைகள். ஒன்றில் படகு விட்டு, நுழைவுச் சீட்டு வைத்து, பாட்டுப் போட்டுவிட்டார்கள். மிஞ்சியது மேலூரைத் தாண்டிய இந்தக் கூளையம்பட்டிக் கண்மாய். கரையில் நடக்க ஊரின் வாய்ச் சொல் வேண்டும். அந்தச் சொல்லை வாங்கித் தந்தவர் காளை. ஆறு வருடத்துக்கு முன்பு ஊர்க் கூட்டத்தில் எழுந்து, “இவுக குருவி பாக்குறவுக. மீனப் புடிக்க மாட்டாக, மண்ண அள்ள மாட்டாக. பாத்துட்டுப் போயிருவாக. நான் பொறுப்பு,” என்று சொன்னார். அன்றையிலிருந்து ஊரில் பெனடிக்ட்டுக்குக் குருவி வாத்தியார் என்று பெயர். காளை வீட்டில் காப்பி. சில நாள் கேப்பைக் களியும் கருவாடும். வருகிறவர்கள் அதையும் படம் பிடித்துக்கொள்வார்கள்.

அந்த ஆறு வருடத்தில் மீன்பிடி ஒரு தரம்கூட நடக்கவில்லை. அதற்கும் மூன்று வருடம் முன்பே நின்றுபோயிருந்தது. வெள்ளை வீசும் உரிமை மேலத்தெருவுக்கா கீழத்தெருவுக்கா என்று வழக்கு. இந்தத் தை மாதம்தான் தாசில்தார் முன்னிலையில் கையெழுத்தானது. முதல் வருடம் மேலத்தெரு, அடுத்த வருடம் கீழத்தெரு.

இரண்டு வாரத்துக்கு முன் காளை சொன்னார்: “பங்குனி கடைசி ஞாயித்துக்கெழம மீன்பிடி சார். அன்னைக்கு மட்டும் ஆளுகளக் கூட்டியாந்துறாதீக. ஊரு ரெண்டுபட்டுக் கெடந்து இப்பத்தேன் ஒட்டிருக்கு. வெளியாளு அங்கன நிக்காம இருந்தாத் தேவல.”

“சரி காளை,” என்றார் பெனடிக்ட்.

அதற்கு இரண்டு நாள் கழித்து டயானா போன் செய்தாள். பறவை மட்டும்தானா, வேறு ஏதாவது ஸ்பெஷலாக இருக்குமா என்று கேட்டாள். மீன்பிடி பற்றி அவள் எதுவும் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார்.

அருள்பாண்டி கலுங்குப் பக்கமிருந்து நடந்து வந்தார். போக்குவரத்துக் கழகத்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்ற மேலத்தெருக்காரர். புது வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. மடிப்புக் கலையாத வெள்ளைத் துண்டு இரண்டு உள்ளங்கையிலும் கிடந்தது. அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. பின்னால் ஐம்பது பேர் வந்தார்கள். தண்ணீருக்குள் இருந்த யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கீழத்தெரு பேயாண்டி கரையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். மேலத்தெரு வீசுகிற வருடம் தண்ணீரில் இறங்க மாட்டேன் என்று சொல்லியிருந்தவர்.

“வா மாப்ள. என்ன, துண்டோட லேட்டா வார?”

அருள்பாண்டி அவரைத் தாண்டி நடந்தார். பேயாண்டி விடவில்லை.

“யாரு வீசுறதுன்னுதான சண்டை? மேலத்தெருவும் வீசல, கீழத்தெருவும் வீசல. பசுமலை வீசிருச்சு. அடுத்த வாய்தாவுக்குக் குருவி வாத்தியாரையும் ஒரு பார்ட்டியாச் சேத்துக்கலாம்.”

நாலைந்து பேர் சிரித்தார்கள். மேலத்தெருப் பையன் ஒருவன் பேயாண்டியின் சட்டையைப் பிடித்தான். பிரித்துவிட்டார்கள்.

“பத்து மணிக்குக் கோயிலுக்கு வாங்க வாத்தியாரே,” என்றார் அருள்பாண்டி. “காளை, நீயும் வா.”

பெனடிக்ட் ஆறு பேரையும் வேனில் உட்காரவைத்தார். “எனி பிராப்ளம் சார்?” என்றாள் டயானா. “இல்ல மேடம். கோயிலுக்குக் கூப்பிடுறாங்க. மரியாதைக்கு. பத்து நிமிசம்.” கேமராக்காரன் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தான். குழியைப் பற்றி அவனிடம் யாரும் இன்னும் சொல்லவில்லை. “நாளைக்கு வர்ற செட்டுக்கு இந்த சீன் கிடைக்காதுல்ல, பாவம்,” என்றான்.

நாளைக்கு வருகிற குழுவுக்கு இந்தக் கரையே கிடைக்குமா என்பதுதான் பெனடிக்ட்டின் யோசனையாக இருந்தது. கோயில் வரை நடந்த தூரத்தில் வேறெதுவும் தோன்றவில்லை. இந்தக் கண்மாய் போனால் அட்டையில் அச்சடித்தது மட்டும் மிஞ்சும். மனைவி ரூத்தின் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது என்பதை ரூத் இதுவரை வாய் விட்டுச் சொன்னதில்லை. சொல்கிற நாள் ஒன்று வரும் என்று அவர் எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

கோயில் முன்னால் வேப்பமரத்தடியில் கூடியிருந்தார்கள். பாதிப் பேர் மேலெல்லாம் சேறு. சில கூடைகளில் மீன் துள்ளிக்கொண்டிருந்தது. அருள்பாண்டி துண்டை ஒருவழியாகச் சூலத்தில் போட்டிருந்தார். கீழத்தெருவுக்குப் பேயாண்டி வந்து உட்கார்ந்தார். காளை உட்காராமல் ஓரமாக நின்றார்.

“வாத்தியாரே, உங்கள நான் வையல,” என்று தொடங்கினார் அருள்பாண்டி. “ஒம்போது வருசம். கோர்ட்டு, தாலுகா ஆபீசுன்னு செருப்பு தேஞ்சு போச்சு. எங்க அய்யா வீசுனதச் சின்ன வயசுல பாத்தது. இன்னைக்குச் சாமி முன்னால கைய நீட்டிக்கிட்டு நிக்கேன், தட்டு வரப் போகுது, வெளிய ஓன்னு சத்தம். எனக்கு எப்படி இருந்திருக்கும்?”

“மன்னிச்சிருங்கண்ணே.”

“மன்னிப்பு கெடக்கட்டும். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இன்னைக்கு இங்க என்ன நடக்கப் போகுதுன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?”

பெனடிக்ட் வாயைத் திறந்தார். அதற்குள் பேயாண்டி குறுக்கிட்டார்.

“அவருக்கு எப்படிய்யா தெரியும்? வெளியூர்க்காரரு. அதுலயும் வேதக்காரரு, சர்ச்சுக்குப் போறவரு. மீன்பிடி நடக்குற நாளுன்னு சொல்லி, வராதீகன்னு தடுத்திருக்கணும். அது யாரு பொறுப்பு? ஆறு வருசம் முந்தி இதே மரத்தடியில நான் பொறுப்புன்னு சொன்னவன் பொறுப்பு.”

மேலத்தெருவும் கீழத்தெருவும் அந்த ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக ஒரே பக்கம் தலையைத் திருப்பின. காளை நின்ற பக்கம்.

“தெரிஞ்சு வந்து நின்னாருன்னா, இனிமே இந்தக் கரையில கால் வைக்க வேணாம்,” என்றார் அருள்பாண்டி. “தெரியாம வந்தாருன்னா அவரு மேல குத்தமில்ல. சொல்லுங்க வாத்தியாரே. காளை உங்கள வர வேணாம்னு சொன்னானா, இல்லையா?”

பெனடிக்ட் காளையைப் பார்க்கவில்லை. கூடை ஒன்றில் ஒரு கெளுத்தி மீன் செவுளைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்தார்.

“வரலாம்னுதான் சொன்னாரு,” என்றார்.

சொன்ன பிறகு அது அவ்வளவு பெரிதாகத் தோன்றவில்லை. பள்ளிக்கூடத்தில் குடுவை உடைந்தால்கூட அவர் இப்படித்தான் ஏதாவது சொல்லியிருப்பார்.

“பொய்யி!” என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. காளையின் மனைவி முருகம்மாள். கையில் மீன் கூடை. “வேணாம்னு இவரு சொன்னாரு. அப்ப நான் பக்கத்துலதேன் நின்னேன். இவுகளுக்குக் காப்பி ஆத்திக் குடுத்துக்கிட்டு நின்னேன்.”

“பொம்பள பேசாதத்தா. உம் புருசன் பேசட்டும்,” என்றார் அருள்பாண்டி. “காளை, வாத்தியாரு சொல்றது நெசமா?”

காளையின் கை மடைச் சாவிக்குப் போனது. வாத்தியாரைப் பொய்யர் என்று சொன்னால், ஆறு வருடம் பொய்யருக்கு ஜாமீன் நின்றேன் என்று சொன்னது போலாகும். அதையும் தன் வாயால்தான் சொல்ல வேண்டும். இடுப்புக் கயிற்றை அவிழ்த்தார்.

“அவுக சொன்னாச் சரிதேன்,” என்றார்.

மடைச் சாவியைச் சூலத்தடியில் வைத்தார். ஒரு முழ நீள இரும்புச் சாவி. கைப்பிடி தேய்ந்து பளபளத்தது. அதை யாரிடம் கொடுப்பது என்று இரண்டு தெருவும் பேசின. அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. அருள்பாண்டியின் மச்சான் தங்கப்பாண்டிக்கு இந்த வருடம், கீழத்தெருவில் யாருக்காவது அடுத்த வருடம். பேயாண்டி அருள்பாண்டிக்கு வெற்றிலை நீட்டினார். அருள்பாண்டி வாங்கிக்கொண்டார்.

“நீங்க எப்பயும்போல வாங்க வாத்தியாரே. கைல மட்டும் வேற கலர்ல ஏதாச்சும் வச்சுக்கங்க,” என்றார் அருள்பாண்டி. இந்தத் தடவை எல்லோரும் சிரித்தார்கள். பெனடிக்ட்டும் சிரித்தார். யாரோ ஒரு விராலைப் பையில் போட்டு அவர் கையில் கொடுத்தார்கள்.

வேனுக்குத் திரும்பும் வழியில் முருகம்மாள் நின்றிருந்தாள். ஒதுங்கிப் போக இடமில்லாத வரப்பு.

“குடிச்ச காப்பி அம்புட்டும் செமிச்சிருச்சா சார்?” என்றாள்.

அவர் விரால் பையை மறு கைக்கு மாற்றினார். காளை பின்னால் வந்துகொண்டிருந்தார்.

“காளை, நான் அருள்பாண்டி அண்ணன்கிட்ட அப்புறமா தனியாப் பேசி...”

“நாளைக்கும் ஆளுக வாராகளா?”

“ம்.”

“மூணாம் மடைக்கு இங்கிட்டே நிப்பாட்டிருங்க. குழி கரை வரைக்கும் அரிச்சிருக்கு. தங்கப்பாண்டிக்கு அது தெரியாது.” சொல்லிவிட்டு முருகம்மாளின் கூடையை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார்.

வேனில் ஆறு பேரும் கைதட்டினார்கள். பையில் மீனைப் பார்த்ததும் இன்னொரு தடவை தட்டினார்கள். “கிராமத்து ஆளுங்க எவ்வளவு வெள்ளந்தி இல்ல சார்?” என்றாள் டயானா. ஆமாம் என்றார்.

வீட்டில் ரூத் ஞாயிறு ஆராதனை முடிந்து வந்திருந்தாள். குருத்தோலை மேசை மேல் கிடந்தது. மீனைப் பார்த்து, “ஏது?” என்றாள்.

“ஊர்ல குடுத்தாங்க.”

“சும்மாவா?”

“சும்மாதான்.”

அவள் சாம்பலைத் தேய்த்து மீனை உரசினாள். கொஞ்ச நேரம் கழித்து, “காளை அண்ணே நல்லா இருக்காரா?” என்று கேட்டாள். நன்றாக இருக்கிறார் என்றார். குழம்பு நன்றாகத்தான் வந்திருந்தது. அவர் இரண்டாவது தரமும் சோறு போட்டுக்கொண்டார்.

மறுநாள் திங்கட்கிழமை. ஐந்தரை மணிக்கு ஆறு பேரை ஏற்றிக்கொண்டு பெனடிக்ட் கூளையம்பட்டிக்குப் போனார். கரையில் யாரும் தடுக்கவில்லை. கலங்கிய தண்ணீரில் சிறு மீன்கள் செத்து மிதந்ததால் பறவைகள் நிறைய இறங்கியிருந்தன. மஞ்சள் மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், செம்பருந்து, கரும்பருந்து, எண்ணிக்கையில்லாமல் கொக்கும் மடையானும். எட்டரை மணிவரை நாற்பத்தொரு இனங்கள் பார்த்தார்கள். அந்த வருடத்தில் அதுதான் அதிகம். இரண்டாம் மடையைத் தங்கப்பாண்டி சரியாக அடைக்கத் தெரியாமல் விட்டிருந்தார். மிச்சத் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. காளை பரவை மார்க்கெட்டுக்கு மூட்டை இறக்கப் போயிருப்பதாக அவர் சொன்னார். ஒன்பது மணிக்கு மேலூரில் இட்லி சாப்பிட்டார்கள். டயானா அடுத்த மாதத்துக்கு ஒரு தேதி சொன்னாள். பெனடிக்ட் அதைக் குறித்துக்கொண்டார்.